இடமிருந்து வலம்: ரெஜினா

படத்தின் முன்னால்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பண்டகசாலைக்குள் அன்று புதுச் சுண்ணாம்பு மணமும் கருவாட்டு மணமும் சேர்ந்து அடித்தன. சுண்ணாம்பு அந்தக் கிழமை பூசியது. கருவாடு எத்தனையோ வருசமாகச் சுவரில் ஊறியது. அதை எந்தச் சுண்ணாம்பாலும் மறைக்க ஏலாது.

நான் ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ஒரு கிணற்றடி. துலாக் கயிற்றை இரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாக, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். மற்றவள் இடுப்பில் குடத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆரோடோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி நிற்கிறாள்.

கீழே அச்செழுத்தில் போட்டிருந்தது: 'இடமிருந்து வலம்: ரெஜினா, அடையாளம் தெரியாத பெண்.'

அந்த அடையாளம் தெரியாத பெண் நான்தான்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். மாறவில்லை. என் வீடு அந்தப் பண்டகசாலையிலிருந்து கூப்பிடு தூரம். இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குச் சட்டை வெட்டப் பழக்கினவள் நான். மீன் சந்தையில் நின்று "அற்புதம் ரீச்சர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். மீன் வெட்டுகிறவர் கத்தியை நீட்டியே வழி காட்டுவார். எனக்கா அடையாளம் தெரியாது?

"எப்பிடி ரீச்சர் இருக்கு?" என்று ஏணியில் நின்றபடி சுகன்யா கேட்டாள்.

சுகன்யா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஓவியர். பழைய போராட்டங்களின் கடதாசிகள், படங்கள், குரல்கள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கிற ஒரு கூட்டத்தில் அவளும் ஒருத்தி. எங்கள் தீவில் ஒரு காலத்தில் நடந்த கிணற்றுப் போராட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கண்காட்சி. மறுநாள் காலை திறப்பு விழா. திறந்து வைக்கப் பாரிசிலிருந்து ரெஜினா வந்திருந்தாள்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? யன்னல்களுக்குக் கறுப்புத் திரை தைத்துத் தர. தைத்து, மடித்து, கையில் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் போராட்டத்தின் கண்காட்சிக்கு நான் திரைச்சீலைக்காரி!

"வடிவா இருக்குப் பிள்ளை," என்றேன்.

காதுக்குள் அவள் குரல்

படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. கதிரையில் காதில் மாட்டிக் கேட்கிற கருவி ஒன்று. "கேட்டுப் பாருங்கோ ரீச்சர். பாரிசிலை போய்ப் பதிஞ்ச ரெஜினா அன்ரியின்ரை குரல்," என்று சுகன்யாவே மாட்டிவிட்டாள்.

கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றப்படி அதே குரல். அதே இழுவை.

"சுவரொட்டியள் எல்லாம் ஆர் செய்தது அன்ரி?"

"எல்லாம் நான்தான் செய்தனான். தனிய. எனக்கு வேறை ஒருத்தரையும் தெரியாது."

"படத்திலை பக்கத்திலை நிக்கிறது?"

பின்னால் ஒரு கோப்பை வைக்கப்படும் சத்தம். பிறகு, "தெரியாது."

கருவியைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். கோதாரியிலை போவாளே, தனியவா? அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த சுவரொட்டிகளை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. சுண்டுவிரல் உட்பக்கமாக வளைந்த கை. நான் என் இடது கையை முன்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் கீறி வரைந்த கை. அந்த விரல் இன்றைக்கும் வளைந்துதான் இருக்கிறது. கீழே 'கயிற்றைத் தா, நாங்களே அள்ளுவோம்' என்ற எழுத்து மட்டும்தான் அவளுடையது. பெட்டியின் மூலையில் 'ஓவியர்: ரெஜினா' என்று ஒரு அட்டை.

"இது ஒரு அதிசயம் ரீச்சர்," என்று சுகன்யா இறங்கி வந்தாள். "இந்தச் சுவரொட்டிக் கட்டு ரெஜினா அன்ரியின்ரை அக்கா வீட்டிலை, யாழ்ப்பாணத்திலை, ஒரு தகரப் பெட்டியுக்கை கிடந்தது. பெட்டியிலை இருந்த மற்ற எல்லாத்தையும் கறையான் திண்டுபோட்டுது. கலியாண அல்பம், செபப்புத்தகம், ஒண்டும் மிச்சமில்லை. இதை மட்டும் தொடேல்லை. அன்ரியைக் கேட்டன். அதுவும் தெரியாதாம்."

எனக்குத் தெரியும். ஆனால் என்னை ஆர் கேட்டது?

'இது நான்தான்' என்று சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று பின்னேரம் தொலைபேசியில் என் மகளும் அதைத்தான் கேட்டாள். நானே போய் என் படத்துக்கு நானே விரல் காட்டுவதா? பக்கத்தில் நிற்கிறவள் உயிரோடு இருக்கிறாள். வாயும் நன்றாக இருக்கிறது. சொல்ல வேண்டியவள் அவள். அவள் விழுங்கிவிட்டதை நான் கையேந்தி வாங்குவேனா?

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். என் பெயர், அவள் வாயால்.

வாளியும் குடமும்

பொறாமை எனக்குப் புதிதல்ல. ரெஜினாவைத் தெரிந்த நாளிலிருந்து அதுவும் கூடவே வந்தது.

அப்போது நாங்கள் இதே தீவில் கரம்பொன்னில் இருந்தோம். எங்கள் ஒழுங்கைக் கிணறுகளில் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு றோட்டுக்கு அங்கால் இருந்த பெரிய கிணற்றுக்குப் போக வேண்டும். போகலாம், அள்ளக் கூடாது. எங்கள் சாதிச் சனம் துலாக் கயிற்றைத் தொட்டால் கிணற்றுக்கே தீட்டாம். குடத்தைக் கட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். மற்றச் சனத்தில் ஆராவது வந்து, மனமும் வந்தால், ஒரு வாளி அள்ளி வார்ப்பார்கள்.

அதுவும் உயரத்தில் பிடித்துக்கொண்டு. வாளி எங்கள் குடத்தில் முட்டக் கூடாது அல்லவா? உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் பாதி குடத்துக்கு, பாதி என் பாவாடைக்கு. ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்திருந்த குளிரை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

கிணற்றுக்கு முன்னால் கடை வைத்திருந்தவரின் மகள் ரெஜினா. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், வெள்ளைச் சப்பாத்து, நீல ரிபன். ஒரு நாள் எனக்குத் தண்ணீர் வார்க்க வந்தவள், வாளியை உயர்த்தவில்லை. தாழ்த்தினாள். தாழ்த்தித் தாழ்த்தி, என் குடத்தின் விளிம்பில் முட்ட வைத்தாள். 'டங்' என்று ஒரு சத்தம். கிணற்றடியில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டாள்.

"பயந்திட்டியே?" என்று ரெஜினா கேட்டாள்.

"நான் ஏன் பயப்பிட? வாளி உன்ரைதானே," என்றேன். அப்படித்தான் சிநேகிதிகளானோம்.

அதற்குப் பிறகு, கிணற்றை எல்லோருக்கும் திறக்கச் சொல்லிப் போராடிய சங்கத்தில் சேர்ந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தோழர் பஸ்ஸில் வந்து கூட்டம் வைப்பார். முதல் கூட்டத்திலேயே "தோழி ரெஜினாவின் துணிச்சல்" என்று ஆரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் தட்டினேன். ஒரு நாள் வாளியைத் தாழ்த்தினவளுக்குக் கைதட்டு. பிறந்ததிலிருந்து குடத்தோடு நின்றவளுக்கு? நின்றது துணிச்சலில் சேராதோ?

நியாயமான கோபமா, வெறும் பொறாமையா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே அடுப்பில்தான் வெந்தன.

ஆடுகளுக்கு விருந்து

கறையான் ஏன் தொடவில்லை என்ற கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் அச்சகம் இல்லை, காசும் இல்லை. ரெஜினாவின் தகப்பன் கடையில் மிஞ்சிய பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில்தான் கீறினோம். முன்பக்கத்தில் மாதாவோ அந்தோனியாரோ இருந்தால் என் அம்மா விடமாட்டா. "மாதாவின்ரை முகத்திலையோ பசை பூசப் போறியள்? உங்களுக்கு இடி விழும்," என்று பறித்துவிடுவா. ஆகவே மலையும் நீர்வீழ்ச்சியும் உள்ளவைதான் எங்களுக்குக் கிடைத்தன.

பசை வாளியோடு றோட்டில் போனால் பொலிஸ் பிடிக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். வீட்டிலேயே பசையைப் பூசிக் காயவைத்துவிடுவோம், முத்திரைக்குப் பின்னால் பசை காய்ந்திருக்குமே, அப்படி. பொழுதுபடுகிற நேரம் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போவதை ஆர் சந்தேகப்படுவார்? சேலைக்குள் சுவரொட்டி, இடுப்பில் குடம். குடத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளித் தடவி, சுவரில் ஒரு அடி. ஒட்டிவிடும். எந்தத் தண்ணீருக்காகக் காத்து நின்றோமோ அதாலேயே ஒட்டினோம்.

எல்லாம் திறம். விடிந்து பார்த்தால் சுவரில் ஒன்றும் இல்லை.

பொலிஸ் கிழித்துவிட்டது என்று தோழர் ஆவேசமாகப் பேசினார். கண்டன ஊர்வலம் வைப்பதாகவே முடிவு. பிறகுதான் பார்த்தோம், சுவரோரம் முழுவதும் ஆட்டுப் புழுக்கை. அந்த நாளில் கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு. நாங்கள் பசை காய்ச்சியது, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில். ஊர் ஆடுகளுக்கு ஒடியற்கூழ் விருந்து வைத்திருக்கிறோம்!

"பசைக்குள்ளை வேப்பமிலை அவிச்ச தண்ணியை விடுவம். கைச்சால் தின்னாது," என்றாள் ரெஜினா.

தோழர் தலையாட்டினார். "நல்ல யோசனை, தோழி." நான் வாயைத் திறக்கவில்லை. ஆடு வளர்க்காத வீட்டுப் பிள்ளை. வேப்பங்குழை ஆட்டுக்குப் பலகாரம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் ஆடுகள் எங்கள் சுவரொட்டியைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கா என்று சுவரை நக்கிக்கொண்டு நின்றன. எனக்கு அன்று வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகுதான் நான் வயல் வரம்பில் போய் ஆடுதின்னாப்பாளை பிடுங்கி வந்தேன். நிலத்தோடு படர்கிற சின்னக் கொடி. பட்டினி கிடந்தாலும் ஆடு அதில் வாய் வைக்காது. அவ்வளவு கைப்பு. இடித்து, அவித்து, வடித்த தண்ணீரில் பசை காய்ச்சினேன். கை மணம் நாட்கணக்கில் போகவில்லை. சோறு அள்ளி வாயில் வைத்தால் சோறும் கைத்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஆடும் எங்கள் சுவரொட்டிக் கையைத் தின்னவில்லை.

ஒட்டாமல் மிஞ்சிய கட்டுக்கும் பின்பக்கத்தில் அதே பசைதான் பூசிக் காயவைத்திருந்தது. கறையானுக்கும் நாக்கு இருக்கிறதுதானே.

மதகில் படித்த பாடம்

அந்தத் தோழர் எங்களுக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தார். கரம்பொன் றோட்டில் ஒரு மதகு. அதில் இருத்தி வைத்து, வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்க வைத்தார். பிடிபடுகிறவர் எல்லாவற்றையும் தன் தலையில் போட வேண்டும். அடுத்தவர் பெயர் வாயில் வரக் கூடாது, அடித்தாலும் சரி, அன்பாகக் கேட்டாலும் சரி. முக்கியமாக, கேட்டு எழுதி வைக்கிறவனிடம் சொல்லவே கூடாது.

ஒரு நாள் பொலிஸ் என் வீட்டுக்கு வந்தது. ரெஜினா வீட்டுக்குப் போகவில்லை. கடைக்காரர் வீட்டுக்குள் போக அவர்களுக்குக் கொஞ்சம் யோசனை. எங்கள் வீட்டுக்குள் நுழைய என்ன யோசனை? முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். நான் பாடமாக்கியதைச் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. மறுபடியும் அதையே சொன்னேன்.

அதனால்தான் மிஞ்சிய கட்டு ரெஜினா வீட்டுக்குப் போனது. பெரிய வீடு, சோதிக்க மாட்டார்கள் என்று தோழர் சொன்னார். பிறகு கிணறும் எல்லோருக்கும் திறந்தது. அது பெரிய கதை, அதை இன்னொரு நாளைக்குச் சொல்கிறேன். அவள் வெளிநாடு போனாள். நான் கலியாணம் கட்டினேன். போர் வந்தபோது நாங்கள் சோற்றுப் பானையையும் தையல் மெசினின் தலையையும் தூக்கிக்கொண்டு தீவை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது என் வீட்டில் கூரையே இல்லை, கடதாசிக்கு எங்கே போவது? அவளிடம் தகரப் பெட்டி இருந்தது, பெட்டியை வைக்க ஒரு அக்கா வீடு இருந்தது. பெட்டி இருந்தவளுக்குச் சரித்திரம் இருந்தது. இப்போது அதற்குள் அவள் பெயர் மட்டும் இருக்கிறது.

கோதுமை மாப் பசை

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம். சுகன்யா ஒரு வாளியோடு என் வீட்டுப் படலையைத் தாண்டிப் போனாள். இறங்குதுறையிலிருந்து பண்டகசாலை வரைக்கும் றோட்டோரச் சுவர்களில் சுவரொட்டிகளின் பிரதிகளை ஒட்டப் போகிறாளாம். "அந்தக் காலத்திலை மாதிரியே, ரீச்சர்!"

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, கட்டியாக, நல்ல பசை.

"என்ன மா பிள்ளை?"

"கோதுமை மா ரீச்சர். சீனியும் கொஞ்சம் போட்டனான், பிடிப்பாய் இருக்கும் எண்டு."

சீனியும்!

எதிர் வீட்டுச் செபமாலை அண்ணையின் ஆடுகள் றோட்டில் நின்றன. அவர் ஆடுகளைக் கட்டுகிற பழக்கம் இல்லாதவர். ஒரு கிடாய் வாளியைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. நானும் பார்த்தேன், கிடாயும் என்னைப் பார்த்தது.

சுகன்யா முதலாவதை விரித்துக் காட்டினாள். என் கை. வளைந்த சுண்டுவிரல். கீழே கொட்டை எழுத்தில் 'ஓவியர்: ரெஜினா'.

"நல்ல வேலை பிள்ளை. நிறையப் பூசி ஒட்டும்," என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், மனம் வரவில்லை. அவ்வளவுதான். அன்று இரவு நன்றாக நித்திரை வந்தது.

விடிந்த பிறகு

காலையில் தேத்தண்ணீரையும் குடிக்காமல் படலைக்கு ஓடினேன். ஆகா! றோட்டு நீளத்துக்கும் கந்தல். ஒரு சுவரில் ஒரு விரல், இன்னொன்றில் அரைக் கயிறு. செபமாலை அண்ணையின் கிடாய் 'ரெஜி' என்ற துண்டை வாயில் வைத்து ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கிடாயைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

சுகன்யா றோட்டு நடுவில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "ஆரோ கிழிச்சுப் போட்டாங்கள் ரீச்சர். இன்னும் இந்த ஊரிலை எதிர்ப்பு இருக்கு."

எங்கள் பழைய தோழர் பேசியது போலவே இருந்தது. அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் போனது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஒரு வான் வந்து நின்றது.

ரெஜினா இறங்கினாள். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெல்லிய பருத்திச் சேலை. இந்த வயதிலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல். என் முதுகு மெசினில் குனிந்தே போனது.

அவள் சுவர்களைப் பார்த்தாள். கிடாயைப் பார்த்தாள். சுவரில் மிஞ்சியிருந்த பசையை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"உதென்ன இனிக்குது? ஆர் பிள்ளை பசை காய்ச்சினது? ஆடுதின்னாப்பாளை போடேல்லையோ?"

சுகன்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்படியென்றால் அவள் மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை.

அப்போதுதான் அவள் என்னைக் கண்டாள். நேருக்கு நேர், கண்ணுக்குக் கண். அடையாளம் கண்டுவிட்டாள், எனக்குத் தெரியும். பிறகு முகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டாள்.

"இவ எங்கடை தையல் ரீச்சர், அன்ரி. திரையெல்லாம் இவதான் தைச்சவ," என்றாள் சுகன்யா.

"அப்பிடியே? சந்தோசம்," என்றாள் ரெஜினா, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆளோடு கதைக்கிற மாதிரி.

கமராவோடு இரண்டு பேர் அவளைச் சுற்றி வந்தார்கள். உலகம் முழுவதும் பார்க்கிற இடத்தில் என்னைத் தெரியாது என்கிறாள். பொறாமையாவது சூடு. இது அதையும் தாண்டிய ஏதோ ஒன்று, அழுகைக்குக் கிட்ட.

"ரீச்சர், உங்கடை வீடு உதிலையே? கை கழுவக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?" என்று கேட்டாள் அவள். பன்மையில். என்னைப் பன்மையில்!

குசினிக்குள்

முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். குசினிக்குள் வந்ததும், அடுக்கில் இருந்த வெள்ளித் தம்ளரை எடுத்து என் முன்னால் நீட்டினாள். நான் குடத்திலிருந்து செம்பில் அள்ளினேன்.

செம்பை உயர்த்தினேன். வேண்டுமென்றுதான். தோளுக்கு மேலே உயர்த்திக்கொண்டு வார்த்தேன். தண்ணீர் தம்ளரில் பாதி, அவள் சேலையில் பாதி தெறித்தது. நனையட்டும்.

ரெஜினா விலகவில்லை. நனைந்த சேலையைப் பார்த்தாள். பிறகு தம்ளரை உயர்த்தினாள். உயர்த்தி உயர்த்தி, குதிக்காலை எம்பி, என் செம்பில் முட்ட வைத்தாள்.

டங்.

"இன்னும் கோபமே?" என்றாள்.

"அடையாளம் தெரியாத ஆளோடை உமக்கு என்ன கதை?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, சனியன்.

அவள் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். "மெல்லக் கதை. வெளியிலை கமராவோடை நிக்கிறாங்கள். எடியே விசரி, வீட்டுக்கு வந்து மேசையிலை றெக்கோடரை வைச்சு, ஆர் செய்தது, பக்கத்திலை நிக்கிறது ஆர் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? மதகிலை இருத்தி வைச்சு என்ன படிப்பிச்சவர்? எல்லாம் நான்தான் செய்தனான். தனிய."

மிச்சம் என் வாயில் தானாக வந்தது. "எனக்கு வேறை ஒருத்தரையும் தெரியாது."

பொலிஸ் முற்றத்தில் நின்றபோது நான் சொன்னது அதுதான், சொல்லுக்குச் சொல். முதல் நாள் காதுக்குள் கேட்டதும் அதேதான். எரிந்த எரிச்சலில் எனக்கு அது ஏறவே இல்லை.

"நீ உயிரோடை இருக்கிறியோ எண்டே எனக்குத் தெரியாது," என்றாள். "இருந்தால் பிள்ளையள் இருக்கும், உத்தியோகம் இருக்கும். இந்த நாட்டிலை எந்தக் காலத்திலை ஆர் வந்து கதவைத் தட்டுவான் எண்டு ஆருக்குத் தெரியும்? உன்னட்டைக் கேக்காமல் உன்ரை பேரை நான் என்னண்டு குடுக்கிறது? இப்பவும், றோட்டிலை, நீ ஏன் பேசாமல் நிக்கிறாய் எண்டு எனக்கு விளங்கேல்லை. நீயும் சொல்ல விருப்பமில்லாமல் நிக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்."

நான் பேசாமல் நின்றது எதற்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டு நான் உருகிப் போனேன் என்று எழுதினால் பொய். எனக்கு முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். நான் கலியாணம் கட்டின கிழமையே என் புருசனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ரெஜினா, தோழர், பெட்டி, பசை என்று ஒன்றும் விடாமல். இவளோ பாரிசில் குந்தியிருந்து, ஒரு ஆயுள் முழுக்க, அந்த ஒற்றை வரியைக் கட்டிக் காத்திருக்கிறாள். வாயைக் கட்டுவதிலும் இவள்தானா முதல்?

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அவள் நனைந்த முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அதில் பாதி என் தண்ணீர்.

"இனிச் சொல்லட்டே?" என்று கேட்டாள். அனுமதி கேட்கிற குரல். அவள் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லு," என்றேன். "சத்தமாச் சொல்லு. கமராவைப் பாத்துச் சொல்லு."

கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் பின்னால் போகவில்லை. குசினி யன்னலுக்குள்ளால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, இஞ்சை வாரும். அந்தப் படத்திலை குடத்தோடை நிக்கிறது அற்புதம். இந்த வீட்டு அற்புதம். கை கீறினது அவள். பசை காய்ச்சினது அவள். பொலிசிட்டை அடி வாங்கினதும் அவள். நான் எழுத்து மட்டும்தான் எழுதினனான். எழுதும், எழுதும், நிண்டு பாக்காதையும்."

சுகன்யா எழுதினாள். திறப்பு விழா பின்னேரத்துக்குத் தள்ளிப் போனது. நானும் ரெஜினாவும் அவள் வந்த வானிலேயே சாட்டிக் கடற்கரைப் பக்கம் போய், வெயிலில் குனிந்து ஆடுதின்னாப்பாளை தேடிப் பிடுங்கி வந்து அவித்தோம். என் கையும் கைத்தது, அவள் கையும் கைத்தது. செபமாலை அண்ணையின் கிடாய் வந்து மணந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது.

அந்தப் படம் இப்போது யாழ்ப்பாணத்தில் நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. போனால் பாருங்கள். கீழே புது அட்டை: 'இடமிருந்து வலம்: ரெஜினா, அற்புதம்.'

வலமிருந்து இடம் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்?